ஏர் இன்டேக் மாற்றும்போது சென்சாரில் கவனம்

காரின் இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் ஏர் இன்டேக் குழாயை மாற்ற, இன்ஜின் நன்றாக ஆறியபின் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பழைய ஏர் பாக்ஸிலிருந்து எம்.ஏ.எஃப். சென்சாரை (உள்ளே போகும் காற்றை அளக்கும் கருவி) எடுக்கும்போது உள்ளேயிருக்கும் மெல்லிய கம்பியை விரலால் தொடவே கூடாது. புதுக் குழாயில் மாட்டும்போது சென்சாரின் அம்புக்குறி காற்று போகும் திசையில், அதாவது இன்ஜினை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் அளவு தவறி ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுவது) தடுமாறும்.

சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) நடுவே சிறு கசிவு இருந்தாலும் அளக்கப்படாத காற்று நுழைந்து, கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும். செக் இன்ஜின் விளக்கு எரியும், பெரும்பாலும் பி0171 கோடு (கலவையில் பெட்ரோல் குறைவு என்ற பிழைக் குறியீடு) வரும். பிரீதர் குழாயை (இன்ஜினின் உள் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுவரும் சிறு குழாய்) மாட்ட மறப்பது இதற்கு ஒரு வழக்கமான காரணம். குழாயை இறுக்கும் கிளாம்ப்பை, சிலிகான் இணைப்புக் குழாய் பிதுங்கும்வரை முறுக்காதீர்கள். எண்ணெய் தடவும் வகை ஏர் ஃபில்டரா? எண்ணெயைக் கொஞ்சமாகத் தடவுங்கள், மிஞ்சியது சென்சாரில் படியும். பானெட் உரசுகிறதா என்று மெதுவாக மூடிப் பாருங்கள். 100 கி.மீ. ஓடியதும் கிளாம்ப்புகளை மறுபடி சரிபாருங்கள்.