ஆளு அடிக்கடி வேலைக்கு வரலையா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல கடை வச்சிருக்கவங்க கேக்குறது இதான், திங்கக்கெழம ஆனா ஒருத்தரு வரமாட்டேங்குறாரு, என்ன பண்றது? மொதல்ல மூணு மாச பஞ்ச் கார்டை எடுத்து எந்த நாளு, எந்த ஷிப்ட்டுன்னு குறிச்சு பாருங்க, அப்புறம் எல்லாரு முன்னாடியும் ஏசாம தனியா உக்கார வச்சு பேசுங்க, புள்ளைய பாத்துக்க ஆளில்லாம இருக்கலாம், இல்ல ராத்திரி இன்னொரு வேலை பாத்து அசந்து போயிருக்கலாம், ஷிப்ட்ட மாத்தினாலே சரியாயிடும் சில நேரம். எம்சி, அதாவது டாக்டர் சர்டிபிகேட்டோட எடுக்குற லீவு, அவங்க உரிமைங்க, அதுக்கு மொகம் சுளிக்காதீங்க. மலேசியாவோட 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி, வேலைக்கு சேந்து ரெண்டு வருசத்துக்கு கீழன்னா வருசத்துக்கு 14 நாளு, ரெண்டுலேந்து அஞ்சு வருசத்துக்குள்ள 18, அஞ்சும் அதுக்கு மேலயும் 22, ஆஸ்பத்திரில படுத்தா 60 நாளு வரைக்கும். சொல்லாம கொள்ளாம, சரியான காரணமும் இல்லாம தொடர்ந்து ரெண்டு வேலை நாளுக்கு மேல காணோம்னாத்தான் ஒப்பந்தத்த மீறினதா ஆகும், அப்பகூட போன் பண்ணி, கடிதம் அனுப்பி, விசாரிச்சிட்டுத்தான் நிப்பாட்டணும்.