போர் நாவல்ல தீம் (மையக்கரு) எங்க இருக்குன்னு தேடணும்? ரோஸ்தோவ் வாங்கின மெடலை வெச்சு பாப்போம்

சரித்திரப் போர் நாவல் பத்தி அசைன்மென்ட் எழுதுறவங்க நிறைய பேர் முதல் வரியிலயே "இந்நாவல் போரின் கொடுமையைச் சித்தரிக்கிறது"ன்னு ஆரம்பிச்சிடறாங்க. அது பொய் இல்ல, ஆனா அந்த வரியை எந்தப் போர் நாவல் மேல வேணா ஒட்டிக்கலாம், இந்த நாவலைப் படிச்சதுக்கு அதுல அடையாளமே இல்லையே. நானும் டால்ஸ்டாயோட 'போரும் அமைதியும்' (டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்ப்புல அது 'போரும் வாழ்வும்') முதல் தடவை படிச்சு முடிச்சுட்டு அப்படித்தான் குறிப்பு எழுதி வெச்சேன். ரெண்டாவது தடவை நிக்கோலாய் ரோஸ்தோவ்ங்கற ஒரே ஆளை மட்டும் பிடிச்சுக்கிட்டு அவன் பின்னாடியே போனப்பதான் விஷயம் பிடிபட்டுச்சு.

1805 நவம்பர், ஆஸ்திரியாவுல ரஷ்யப் படையும் நெப்போலியனோட பிரெஞ்சுப் படையும் மோதின ஷோன்கிராபென் சண்டை. ரோஸ்தோவ் சின்னப் பையன், ஹுஸார் குதிரைப்படையில புதுசு. குதிரை குண்டடிபட்டு விழுது, இவன் எழுந்து பாத்தா எதிர்ல பிரெஞ்சுக்காரங்க ஓடி வர்றாங்க, இவங்க எதுக்கு ஓடி வர்றாங்க, என்னைக் கொல்லவா, எல்லாருக்கும் பிரியமான என்னையான்னு அவனுக்கு நம்பவே முடியல. கையில துப்பாக்கி இருக்கு, ஆனா சுடல, அதைத் தூக்கி வர்றவன் மேல எறிஞ்சுட்டு புதரைப் பாத்து ஓடறான். கொஞ்ச நாள் கழிச்சு சிநேகிதன் போரிஸ்கிட்ட இந்தக் கதையைச் சொல்றான் பாருங்க, நடந்ததை நடந்தபடி சொல்லணும்னுதான் வாயைத் திறக்கறான், ஆனா கேக்கறவங்க எப்படிப்பட்ட கதையை எதிர்பார்ப்பாங்களோ அந்தக் கதையா அது தானாவே மாறிடுது, புயல் மாதிரி பாஞ்சேன் வெட்டினேன்னு.

இப்ப 1812க்கு வாங்க, நெப்போலியன் ரஷ்யாவுக்குள்ளயே படையெடுத்து வந்த வருஷம், ஆஸ்த்ரோவ்னோங்கற இடத்துல சண்டை. இப்ப அவன் தேர்ந்த குதிரைவீரன். வேட்டையில பாயற மாதிரி பாஞ்சு ஒரு பிரெஞ்சு அதிகாரியை வாளால அடிக்கறான். முழங்கைக்கு மேல லேசான வெட்டுதான், அந்த ஆள் பயத்துலதான் விழறான், கால் அங்கவடியில மாட்டிக்கிச்சு. முகத்துல சேறு, மோவாயில ஒரு குழி, வெளிர்நீலக் கண்ணு, நம்ம வீட்டுத் திண்ணையில உக்காந்திருக்க வேண்டிய முகம். இதுக்குத்தான் ரோஸ்தோவுக்கு செயின்ட் ஜார்ஜ் சிலுவைங்கற வீர மெடல் கிடைக்குது. அவனுக்கோ மனசு ஆறல. அவங்களும் நம்மளை மாதிரிதானே பயப்படறாங்க, வீரம்ங்கறது இவ்வளவுதானா, அந்தக் குழிக்காரன் என்ன தப்பு பண்ணான்னு உள்ளுக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கு.

ஓடினப்ப வீரன்னு பேர் வந்துச்சு, மெடல் வந்தப்ப வெட்கம் வந்துச்சு. இந்த ரெண்டு காட்சிக்கும் நடுவுல அவன்கிட்ட என்ன மாறிச்சுங்கறதுலதான் தீம் இருக்கு. அதனால "ரோஸ்தோவ் தைரியசாலி", "ரோஸ்தோவ் கோழை"ன்னு ஒத்தை வார்த்தை லேபிள் ஒட்டாதீங்க, போர் நாவல்ல ஒரு ஆளோட குணம்ங்கறது ரெண்டு காட்சியைப் பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தான் தெரியும், ஒண்ணை மட்டும் எடுத்தீங்கன்னா பாதி ஆள்தான் கையில வருவான்.

இன்னொரு தப்பு ரொம்ப சாதாரணமா நடக்கறது. ஒரு பாத்திரம் பேசறதை எடுத்து "டால்ஸ்டாய் சொல்கிறார்"னு எழுதிடறது. 1812ல நடந்த போரோதினோ பெருஞ்சண்டைக்கு முந்தின நாள், நாவலோட இன்னொரு முக்கிய பாத்திரமான இளவரசர் ஆந்த்ரேய் தன் சிநேகிதன் பியேர்கிட்ட, என் கையில அதிகாரம் இருந்தா கைதியே பிடிக்க மாட்டேன்னு கொதிச்சுப் பேசறார். அதை மட்டும் படிச்சுட்டு நாவலோட கருத்தே இதுதான்னு எழுதினவங்களைப் பாத்திருக்கேன், எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும். அடுத்த நாள் அதே ஆந்த்ரேய் குண்டுக் காயத்தோட சிகிச்சைக் கூடாரத்துல கிடக்கறார், பக்கத்துல கால் வெட்டி எடுக்கப்பட்ட ஒருத்தன் தேம்பி அழறான், பாத்தா அனத்தோல் குராகின், தன்னோட நிச்சயதார்த்தம் உடைய காரணமானவன், இத்தனை நாளா சண்டை போடத் தேடிக்கிட்டிருந்த அதே ஆள். அவனைப் பாத்து ஆந்த்ரேய் அழறார், இரக்கத்துல. முதல் நாள் பேச்சுக்குப் பதில் இந்த அழுகைதான். அதனால ஒரு வசனத்தை மேற்கோள் காட்டறதுக்கு முன்னாடி அதைப் பேசின ஆளுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு பத்து அத்தியாயமாவது தள்ளிப் போய்ப் பாத்துட்டு வாங்க.

சரித்திரம் சரியா தப்பான்னு டிக் போடறதும் அப்படித்தான். நெப்போலியன், ரஷ்யத் தளபதி குதூஸவ் எல்லாம் நிஜ மனுஷங்க, ரோஸ்தோவ் குடும்பமும் பியேரும் கற்பனை. ஆனா நாவல்ல வர்ற குதூஸவ் டால்ஸ்டாய் செதுக்கின குதூஸவ். தனி ஒரு ஆள் போரை நடத்தறதில்லன்னு அவர் வாதாடறார், அதுக்காகத்தான் குதூஸவுக்கு அவ்வளவு பொறுமையும் நெப்போலியனுக்கு அவ்வளவு மிதப்பும் கொடுத்தார். இதை சரித்திர ஆதாரமா எடுத்தாலும் தப்பு, பொய்னு தள்ளினாலும் தப்பு, அந்த வாதத்தோட ஒரு பகுதியா படிக்கணும்.

எழுதினவரோட காலத்தையும் மறக்கக் கூடாது. போரோதினோ நடந்தது 1812ல, டால்ஸ்டாய் பொறந்தது 1828ல, நாவல் வெளிவந்தது 1865லிருந்து 1869 வரை. அதுக்கு நடுவுல அவரே கிரிமியப் போர்ல செவஸ்தபோல்ல பீரங்கிப்படை அதிகாரியா இருந்தவர், பீரங்கிப்படை கேப்டன் துஷின் வர்ற பக்கங்கள்ல அந்தப் புகை வாசனை அடிக்கும். கதையை 1812 வெற்றியிலயே ஆரம்பிச்சிருக்கலாம், ஆனா நம்ம தோல்வியையும் அவமானத்தையும் சொல்லாம வெற்றியை மட்டும் எழுத வெட்கமா இருந்துச்சுன்னு முன்னுரை வரைவுல எழுதி வெச்சிருக்கார், அதனாலதான் கதை பின்னோக்கி 1805க்குப் போச்சு. ரோஸ்தோவோட வெட்கம் எங்கேர்ந்து வருதுன்னு இப்ப தெரியுதா?

பேர் குழப்பத்துக்கு ஒரு சீட்டுல குடும்பம் குடும்பமா எழுதி புக்குக்குள்ள வெச்சுக்கோங்க, அது போதும்.

கடைசியா ஒண்ணு, சின்னப் பாத்திரங்களைத் தாண்டிப் போயிடாதீங்க. 1805ல ரோஸ்தோவுக்குக் காயம், பதவி உயர்வுன்னு வீட்டுக்குக் கடிதம் வருது, எல்லாரும் அழறாங்க, ஒன்பது வயசு தம்பி பேத்யா மட்டும் நானா இருந்தா இன்னும் நிறைய பிரெஞ்சுக்காரங்களைக் கொன்னிருப்பேன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு சொல்றான். அண்ணன் துப்பாக்கியை எறிஞ்சுட்டு ஓடினது அவனுக்குத் தெரியாது. 1812ல அவனும் போருக்குப் போறான், முகாம்ல எல்லாருக்கும் உலர்திராட்சையை அள்ளி அள்ளிக் குடுக்கறான், எனக்கு ஏதாவது இனிப்பு சாப்பிட்டே பழக்கம், நல்ல திராட்சை, எல்லாத்தையும் எடுத்துக்கோங்கன்னு. பிடிபட்ட பிரெஞ்சு முரசுப் பையனுக்கு சாப்பாடு குடுத்தாங்களான்னு கவலைப்படறான். மறுநாள் காலையில அவன் விழுந்து கிடக்கறப்ப அந்த முகாமோட தலைவர் தெனீஸவ் குதிரையை விட்டு இறங்கி அந்த முகத்தைத் திருப்பறார், அவருக்கு ஞாபகம் வர்றது அந்தத் திராட்சைப் பேச்சுதான்.