‘ஒயிட்னிங்’ என்ற சொல்லைத் தமிழில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் மூன்று பேரின் பக்கங்களை இரண்டு வாரமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். மருந்துச் சீட்டு, பற்பசை அட்டை, கடல் பற்றிய கட்டுரை, வரலாற்றுப் பாடம் என்று நாலு விதமான வேலை. நாலிலும் ‘ஒயிட்னிங்’ வந்தது. நாலிலும் மூன்று பேருமே ‘வெண்மையாக்கல்’ என்று போட்டுவிட்டார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன் நானும் அதையேதான் செய்தேன். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை எல்லாம் யாரும் கண்டுபிடித்துத் திருத்திவிடலாம், அவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

ஒலியை வைத்து வேர் சொல்வது

‘ஒயிட்’டும் ‘வெள்’ளும் ஒரே வேர் என்று எழுதி வந்தார் ஒருவர். இல்லை. ‘ஒயிட்’டின் பழைய ஆங்கில வடிவம் ‘ஹ்வீட்’. அதற்கு உறவு வடமொழியின் ‘சுவேதம்’. கோதுமையைக் குறிக்கும் ‘வீட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அந்தக் குடும்பம்தான், வெள்ளை மாவு தருவதால் வந்த பெயர். நம் ‘வெள்’ தனிக் குடும்பம். வெள்ளை, வெள்ளி, வெண்ணெய், வெண்கலம், வெளிறு, வெளுப்பு எல்லாம் அதில் கிளைத்தவை. கன்னடத்தின் ‘பிளி’யும் மலையாளத்தின் ‘வெளுப்பு’ம் கூடப் பிறந்தவை. ஒலி ஒத்திருப்பது தற்செயல்.

யார் வெளுக்கிறார்கள் என்று கேட்காமல் எழுதுவது

நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைத்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிராமத்து மருத்துவ முகாம் ஒன்றில் கொடுப்பதற்காக ஒரு துண்டுப் பிரசுரம் மொழிபெயர்த்தேன். படர்தாமரை, சொறி, கடையில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கிரீம் பற்றியது. அந்தக் கிரீமை நாள்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும், பூசிய இடம் நிறம் இழக்கும், மயிர் முளைக்கும். இது எச்சரிக்கை. ஆங்கிலத்தில் ‘தின்னிங்’, ‘ஒயிட்னிங்’ என்று இரண்டு சொற்களை அடுத்தடுத்துப் போட்டிருந்தார்கள். நான் எழுதியது: ‘தொடர்ந்து பயன்படுத்தினால் சருமம் மெலிந்து வெண்மையாகும்.’

அதை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அழகுசாதன விளம்பரம் மாதிரியே இருக்கிறது. ‘மெலிந்து’ என்பதும் நல்ல சொல், ‘வெண்மை’யும் நல்ல சொல், ‘ஆகும்’ என்று முடிவதால் வாக்குறுதி போல ஒலிக்கிறது. இதைப் பிழை பார்த்தவர் விட்டார், மருத்துவர் விட்டார், நானும் விட்டேன். அச்சடித்துக் கட்டுக்கட்டாக வந்தது. முகாமுக்கு நானும் போயிருந்தேன். நடுத்தர வயதுப் பெண் ஒருவர் பிரசுரத்தை மடித்து, அந்த வரியின் மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு செவிலியரிடம் கேட்டார்: “சிஸ்டர், இதைப் போட்டா வெள்ளையாயிடும்னு எழுதியிருக்கே. எம் பொண்ணு முகத்துக்குப் போடலாமா?”

எதைப் போடாதே என்று சொல்ல அவ்வளவு காகிதம் அடித்தோமோ, அதைப் போடச் சொல்லி நான் எழுதியிருந்தேன். மீதி இருந்த கட்டுகளை அன்றைக்கே நிறுத்தினோம். மறு அச்சுச் செலவு தனி. ஆனால் ஏற்கெனவே வீடுகளுக்குப் போய்விட்ட தாள்களை யார் திரும்ப வாங்குவது? இந்தக் கிரீம்களை நிறத்துக்காகப் பூசிக்கொள்வது நம் ஊரில் பெரிய தொல்லை. 2018-ல் ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் பலவற்றை, மருத்துவர் எழுதித் தராமல் விற்கக்கூடாத பட்டியலில் அரசு சேர்த்ததும் அதனால்தான். அப்படிப்பட்ட ஒரு விஷயத்தில் என் ஒரு சொல் எதிர்ப்பக்கம் நின்றது. இப்போதும் யாராவது மருந்துத் தாளில் ‘வெண்மையாகும்’ என்று எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது.

தவறு எங்கே நடந்தது? ஆங்கிலத்தின் அந்த ‘-இங்’ வடிவம் செய்பவரை மறைத்துவிடும். ஒருவர் ஒன்றை வெள்ளையாக்கினாலும் ‘ஒயிட்னிங்’, அது தானாக வெள்ளையாகிப்போனாலும் ‘ஒயிட்னிங்’. விரும்பிச் செய்ததா, வேண்டாமல் நேர்ந்ததா என்பதும் அதில் தெரியாது. தமிழில் அப்படி மறைக்க முடியாது. நம்மிடம் தனித்தனி வினைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

‘வெளு’ இரண்டு பக்கமும் போகும். துணியை வெளுத்தார், துணி வெளுத்தது. கிழக்கு வெளுத்தது என்றால் விடிந்தது. சாயம் வெளுத்தது என்றால் குட்டு உடைந்தது. வெளுத்து வாங்கினார் என்றால் அடி. ‘வெளிறு’ அப்படி இல்லை. அது தன்வினை மட்டும்தான், யாரும் யாரையும் ‘வெளிற’ முடியாது. முகம் வெளிறும், இலை வெளிறும். அந்தச் சொல்லிலேயே ஓர் இழப்பு இருக்கிறது. ‘வெண்மையாக்கு’, ‘வெள்ளையாக்கு’ என்று எழுதினால் ஒருவர் வேண்டும் என்றே செய்கிறார். அப்புறம் துணைவினைகளைப் பாருங்கள். ‘வெளிறும்’ என்பதைவிட ‘வெளிறிப்போகும்’ என்பதில் கெடுதல் கூடுதலாகத் தெரிகிறது. அந்தப் ‘போ’ எவ்வளவு வேலை செய்கிறது! கெட்டுப்போகும், வாடிப்போகும், வெளிறிப்போகும். படிப்பவர் மருத்துவச் சொல் எதையும் அறிந்திருக்க வேண்டாம், அந்தப் ‘போகும்’ அவரை எச்சரித்துவிடும்.

நான் எழுதியிருக்க வேண்டிய வரி இதுதான்: ‘தொடர்ந்து பூசினால் தோல் நைந்துபோகும், பூசிய இடம் நிறம் இழந்து வெளிறிப்போகும்.’ மறு அச்சில் இதுதான் போனது.

சென்ற வாரம் வந்த பக்கம் ஒன்றில் ரேனாட் நோய் பற்றி இருந்தது. குளிரில் விரல் நுனிக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கி, விரல்கள் முதலில் வெளிறி, பிறகு நீலம் பாரித்து, சூடு திரும்பும்போது சிவக்கும். பக்கத்தில் இருந்தது: ‘குளிரில் விரல்கள் வெண்மையாக்கல் ஏற்படும்.’ யார் ஆக்கினார்கள்? குளிரா, விரலா? எழுதியவரைக் கூப்பிட்டு, ஐஸ் பெட்டியில் கொஞ்ச நேரம் கை வைத்துவிட்டு விரலைப் பார்த்தால் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். “வெளுத்துப்போச்சுன்னு சொல்வேன்” என்றார். சரி, அதை எழுதுங்கள்.

பவளத்துக்கும் இதே கதைதான். கடல் சூடேறும்போது பவளப் பூச்சிகள் தமக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடுகின்றன. நிறம் தந்தவை அந்தப் பாசிகள்தான். அவை போனதும் கண்ணாடி போன்ற உடல் வழியே வெள்ளைச் சுண்ணக்கூடு தெரிகிறது. 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் அப்படித்தான் நடந்தது. அந்த நிலையில் பவளம் இன்னும் உயிரோடு இருக்கிறது, சூடு சீக்கிரம் தணிந்தால் தேறிவிடும். ‘வெண்மையாக்கல்’ என்றால் யாரோ சுத்தம் செய்த மாதிரி ஆகிறது. ‘வெண்மையாகி அழிந்தன’ என்று அவசரப்பட்டு எழுதினால் பொய்யாகிறது. ‘பவளம் வெளிறுதல்’ என்பது என் தேர்வு. நோயாளியின் முகம் வெளிறுவது போல. நோயாளி பிழைக்கவும் கூடும்.

வினையும் நிலையும் வேறு வேறு என்று கற்க எனக்கு உதவிய வரி விவிலியத்தில் இருக்கிறது. மாற்கு 9:3-ல் இயேசுவின் ஆடை மின்னியதைச் சொல்லும்போது, பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘எந்த வண்ணானும் வெளுக்கக்கூடாத’ வெண்மை என்கிறது. வெளுப்பது மனிதர் செய்வது, வெண்மையாவது தானாக நடந்தது. இரண்டும் ஒரே வரியில், குழப்பமே இல்லாமல் நிற்கின்றன. 1611-ன் ஆங்கில விவிலியம் இதே இடத்தில் ‘ஒயிட்’ என்ற சொல்லையே வினையாகவும் பயன்படுத்துகிறது, ‘ஒயிட்டன்’ என்று நீட்டவில்லை.

வெள்ளைப்படுதல்

அது பெண்களுக்கு வரும் உடல் உபாதையின் பெயர். வேறு எங்கும் எழுதாதீர்கள்.

தோல் என்றதும் ‘வெள்ளை’ என்று எழுதுவது

தமிழர் வாயில் தோலின் நிறங்கள் கறுப்பு, மாநிறம், சிவப்பு. ஆங்கிலத்தில் ‘ஃபேர்’ என்று சொல்லும் பெண்ணை நம் வீடுகளில் “நல்லா செவப்பா இருக்கா” என்கிறோம். ஒயிட்னிங் கிரீம் தமிழ் விளம்பரத்தில் ‘சிவப்பழகு’ ஆனது அதனால்தான். வெள்ளையாக்கும் பொருள் நம் மொழிக்குள் வந்ததும் சிவப்பாக்கும் பொருளாகிவிட்டது. மலையாளத்தில் ‘வெளுத்த’ பெண் என்றால் புகழ்ச்சி. தமிழில் ‘வெளுத்த முகம்’ என்றால் சோகை பிடித்த முகம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோலில் ‘வெள்ளை’ என்றால் நம்மவர்கள் நினைப்பது வெண்புள்ளிகளை. அதை முன்பு ‘வெண்குஷ்டம்’ என்றார்கள். தொழுநோய்க்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது, அது தொற்றுவதும் இல்லை. ஆனாலும் அந்தப் பெயராலேயே எத்தனையோ திருமணங்கள் நின்றன. பாதிக்கப்பட்டவர்கள் போராடி, ‘வெண்புள்ளிகள்’ என்றே சொல்ல வேண்டும் என்று தமிழ்நாடு அரசை ஆணையிட வைத்தார்கள். பழைய சொல்லை மறுபடி எழுதி அந்த உழைப்பைக் கெடுக்காதீர்கள்.

நிறுவனங்களே இப்போது சொல்லை மாற்றுகின்றன. 1975-ல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. அதே ஆண்டு லோரியல் தன் சருமப் பொருட்களிலிருந்து ‘ஒயிட்னிங்’, ‘ஃபேர்’ போன்ற சொற்களை எடுப்பதாக அறிவித்தது. மூலத்தில் ‘ஒளிர்வு’ என்று மாற்றி எழுதியிருக்கும்போது, பழக்கதோஷத்தில் தமிழில் ‘சிவப்பழகு’ என்று போட்டு வைக்காதீர்கள். அதேபோல, மூலம் வெளிப்படையாக நிறம் மாறும் என்று சொல்லும்போது நீங்களாக ‘பொலிவு’ என்று மூடி மறைப்பதும் தவறு. படிப்பவர் எதை வாங்குகிறார் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

பல்லும் துணியும்

பல் விஷயத்தில் இரண்டு வேலை உண்டு. காபி, வெற்றிலைக் கறையைத் தேய்த்து எடுப்பது ஒன்று. பெராக்சைடு கொண்டு பல்லின் சொந்த நிறத்தையே மாற்றுவது இன்னொன்று. ‘ஒயிட்னிங்’ இரண்டுக்கும் வரும், ‘ப்ளீச்சிங்’ இரண்டாவதற்குத்தான். இரண்டுக்கும் ‘வெண்மையாக்கல்’ என்று போட்டால், மருத்துவர் கையால் செய்ய வேண்டியதும் கடையில் வாங்கித் தேய்ப்பதும் ஒன்றாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கடையில் விற்கும் பல் பொருட்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் 6 சதவீதம் வரை பல் மருத்துவர் வழியாகத்தான். கறை நீக்கும் பற்பசை, பல்லை வெளுக்கும் சிகிச்சை என்று பிரித்து எழுதுங்கள்.

துணிக்கு நம்மிடம் இருக்கும் சொற்கள் போதும், புதிதாக எதுவும் வேண்டாம். வெள்ளாவி வைப்பது ஒரு முறை, அழுக்கைப் பிரிக்கும். நீலம் போடுவது வேறு முறை, அழுக்கை அது எடுப்பதே இல்லை. பழுப்பேறிய வேட்டியின் மஞ்சளை அந்த இளநீலம் சரிக்கட்டி, கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டுகிறது.

ஒயிட்னர்

ஒயிட்னர்தான். மாற்றாதீர்கள்.

ஒயிட்வாஷ்

சுவருக்கு வெள்ளையடித்தல். ஆங்கிலத்தில் குற்றத்தை மறைப்பதற்கும் இதே சொல். ‘அறிக்கை ஊழலுக்கு வெள்ளையடித்தது’ என்று எழுதுகிறார்கள். இதற்குத் தமிழில் ‘பூசி மெழுகுவது’ இருக்கிறது, அதுவும் சுவரும் தரையும் சேர்ந்து தந்த சொல்தான். கிரிக்கெட்டில் ஒயிட்வாஷ் என்றே விட்டுவிடுங்கள்.

பழைய நூல்களில் ‘வெண்மை’ என்றால் தூய்மை என்று விளக்குவது

வெள்ளை மனசு, வெள்ளந்தி என்று இன்று சொல்வதை வைத்து, தமிழர் என்றுமே வெண்மையை உயர்வாகப் பார்த்தார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். திருக்குறளைத் திறந்து பாருங்கள். ‘வெண்மை எனப்படுவது யாதெனின் ஒண்மை உடையம்யாம் என்னும் செருக்கு’ (844). இங்கே வெண்மை என்றால் அறிவின்மை. 503-ல் ‘வெளிறு’ என்பதும் அறியாமைதான். 714-ல் அறிவில்லாதவர் முன் ‘வான்சுதை வண்ணம் கொளல்’, அதாவது வெள்ளைச் சுண்ணாம்பின் நிறத்தை நீயும் எடுத்துக்கொள் என்கிறார். வயிரம் பாயாத மரத்தை வெளிறு என்பார்கள். உள்ளே ஒன்றும் இல்லாத வெறுமை, அதுதான் அந்த வெண்மை.

அழகிலும் அப்படியே. சங்கப் பாட்டில் தலைவியின் அழகு மாமை, மாந்தளிர் போன்ற மினுமினுப்பு. காதலன் பிரிந்தால் அதன் மேல் பசலை படர்ந்து நிறம் கெடும். குறுந்தொகை 27-ல் வெள்ளிவீதியார் தன் மாமைக் கவினைப் பசலை உண்ணப் பார்க்கிறது என்று வருந்துகிறார். நிறம் வெளிறுவது அங்கே நோய்.

மக்களைப் பற்றிய இடத்தில் ‘வெண்மையாக்கல்’

பிரேசிலில் அடிமை முறை 1888-ல் ஒழிந்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியரைக் கொண்டுவந்து குடியேற்றி, கலப்பினால் தலைமுறை தலைமுறையாகக் கறுப்பரே இல்லாமல் ஆக்கிவிடலாம் என்று அந்நாட்டு மேல்தட்டினர் பலர் நம்பினார்கள். அதற்குப் போர்த்துக்கீசிய மொழியில் ‘ப்ராங்கியாமெண்டு’, ஆங்கிலத்தில் ‘ஒயிட்னிங்’. 1911-ல் லண்டனில் நடந்த இனங்கள் மாநாட்டில் பிரேசிலின் பிரதிநிதி ஜோவாவ் பட்டிஸ்டா டி லசெர்டா, ஒரு நூற்றாண்டுக்குள் அது நடந்துவிடும் என்று பேசினார். இந்த இடத்தில் ‘வெண்மையாக்கல்’ என்று எழுதினால் பற்பசை நினைவுதான் வரும். வெண்மை நிறத்தின் பெயர், இங்கே பேச்சு மனிதர்களைப் பற்றியது. ‘வெள்ளையராக்குதல்’ என்று எழுதினால்தான் என்ன செய்யப் பார்த்தார்கள் என்பது தெரியும்.

வரலாற்றுப் பாடத்தில் இதற்கு ஓர் ஓவியமும் இருந்தது, 1895-ல் மொதெஸ்டோ ப்ரோகோஸ் வரைந்தது. கறுப்புப் பாட்டி ஒருத்தி வானத்தை நோக்கிக் கைகளை உயர்த்தி நன்றி சொல்கிறாள். பக்கத்தில் அவளைவிட நிறம் வெளிறிய மகள், மகளின் மடியில் வெள்ளைக் குழந்தை, வாசலில் உட்கார்ந்து குழந்தையைப் பார்த்துச் சிரிக்கும் வெள்ளைக்காரத் தந்தை. கீழே ‘வெண்மையாக்கலைக் காட்டும் ஓவியம்’ என்று எழுதி வந்திருந்தது. அதை அடித்துவிட்டு எழுதினேன்: ‘தன் பேரன் தன்னைப் போல் இல்லை என்பதற்காகப் பாட்டி நன்றி சொல்வதாக வரைந்த படம்.’