பல் போன இடத்தில் இம்பிளான்ட்டா, பிரிட்ஜா?

ஒரே ஒரு கடைவாய்ப் பல் போய், பக்கத்துப் பற்கள் இரண்டும் நல்லா இருந்தால் பிரிட்ஜுக்கு (இரு பக்கத்துப் பற்களையும் தூணாக வைத்துக் கட்டும் செயற்கைப் பல்) அவசரப்படாதீங்க. அதற்காக அந்த நல்ல பற்களை ராவ வேண்டியிருக்கும். ராவின பல் திரும்ப வளராது. இம்பிளான்ட் என்பது தாடை எலும்பில் இறக்கி, மேலே கேப் (பல் வடிவ உறை) மாட்டும் டைட்டானியம் திருகு. எலும்பு அதைக் கெட்டியாகப் பிடிக்கப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் பொறுக்கணும். பக்கத்துப் பற்களுக்கே கேப் தேவை என்றால் பிரிட்ஜ் போதும்.

கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாத பெரியவர்களுக்கு, இரண்டே இம்பிளான்ட் வைத்து அதன்மேல் பட்டன் மாதிரி 'டக்'கென்று மாட்டும் பல்செட் பற்றிக் கட்டாயம் கேளுங்க. அம்மாவுக்குப் பழைய செட் தோசை மென்றாலே எழும்பிவிடும். இப்போது இந்தச் செட் அசையவே இல்லை. ராத்திரி கழற்றிக் கழுவி வைக்கிறார்.

சர்க்கரை இருந்தால் முதலில் எச்பிஏ1சி (கடந்த மூணு மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) பாருங்க. எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லணும், புகைப்பவர்களும்தான்.

சொல்லும் விலை திருகுக்கு மட்டுமா, கேப்பும் சேர்த்தா என்று எழுதி வாங்குங்க. திருகின் பிராண்ட், அளவு, பேட்ச் எண் உள்ள ஸ்டிக்கரையும் கேட்டு வாங்கி ஃபைலில் ஒட்டிடுங்க. பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் அது தளர்ந்தால், பொருந்தும் உதிரி தேட டாக்டருக்கு அதுதான் வேணும்.