கண்ணாடி மீன் தொட்டிக்கு மேல்பட்டை ஒட்டுவது

90 செ.மீ. நீளம், 40 அகலம், 45 உயரமுள்ள தொட்டியில் கடல்நீர் நிறைந்தால் ஏறத்தாழ 160 கிலோ. நீளக் கண்ணாடியின் மேல்விளிம்பு நடுவில் வெளியே பிதுங்கும். நூல் பிடித்துப் பார்த்தால் தெரியும். பிதுங்கினால் நீரை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

பிதுங்கலைத் தடுக்கத்தான் மேல்பட்டை: 6 மி.மீ. கண்ணாடியில் 5 செ.மீ. அகலப் பட்டை இரண்டு, நீளவாக்கில் உள்பக்க மேல்விளிம்பை ஒட்டி. நடுவே 12 செ.மீ. அகலக் குறுக்குப்பட்டை ஒன்று. விளிம்புகளைக் கடையிலேயே தேய்த்து வாங்குங்கள்.

மண்டபம், பாம்பன் கடலோரப் பக்கம் ஒட்டும் வேலை அதிகம் கெடுவது இந்தக் கட்டத்தில்தான்: உப்புக்காற்று கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத படலம் விடும், அதன்மேல் சிலிக்கான் பசை பிடிக்காது. நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, அசிட்டோனால் துடைத்து உடனே ஒட்டுங்கள். பழைய சிலிக்கானைப் பிளேடால் முழுதும் சுரண்டுங்கள். பழையதன்மேல் புதியது ஒட்டாது. பூஞ்சைத் தடுப்பு கலந்த குளியலறை சிலிக்கான் மீனுக்கு நஞ்சு, வேண்டவே வேண்டாம்.

அழுத்திப் பிழியாதீர்கள், இடையில் 2 மி.மீ. பசை நிற்கட்டும். ஏழு நாள் அசைக்காமல் விடுங்கள். பிறகு நல்ல தண்ணீரை நாளுக்குக் கால்வாசியாக நிரப்பி, மூலைகளில் காகிதம் வைத்துக் கசிவு பாருங்கள்.