கையைத் தூக்கினால் குர்தாவும் கூடவே ஏறுகிறதா? அக்குளில் ஒரு துண்டுத் துணி போதும்

எல்.ஆர்.டி. ரயிலில் நின்றுகொண்டு மேலே தொங்கும் பிடியை எட்டிப் பிடித்தால் குர்தா இடுப்புவரை ஏறுகிறது. கையை இறக்கினாலும் அது தானாக இறங்குவதில்லை, இழுத்துவிட வேண்டியிருக்கிறது. சைஸ் பத்தவில்லை என்று நினைத்து அடுத்த தீபாவளிக்கு ஒரு சைஸ் பெரிதாக எடுப்பவர்கள்தான் அதிகம். அதில் தொல்லை கூடும், குறையாது. கோளாறு மார்புச் சுற்றளவில் இல்லை, உடல் துணியில் கை சேரும் வளைவான கைக்குழியில் இருக்கிறது.

முதலில் சோதித்துப் பாருங்கள். கைகளைத் தொங்கவிட்டு நின்று, குர்தாவின் கீழ் விளிம்பு முடியும் இடத்தில் பேண்டில் ஓர் ஊக்கு குத்துங்கள். இரண்டு கைகளையும் நேராக மேலே தூக்கிக்கொண்டு, ஊக்குக்கு மேல் விளிம்பு எவ்வளவு ஏறியது என்று வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். 2, 3 செ.மீ. என்றால் விட்டுவிடலாம். 5 செ.மீ.க்கு மேல் போனால் கையை இறக்கி, அக்குளுக்கும் அதற்குக் கீழே இருக்கும் கைத்தையலுக்கும் (குர்தாவின் கை உடலோடு சேரும் தையல்) நடுவே விரல்களை அடுக்கி வையுங்கள். ஒரு விரல், ஒன்றரை விரல் இடம் இருப்பது நல்ல தையல். மூன்று விரல் தாராளமாக உட்கார்ந்தால் கைக்குழி ஆழம்.

ஆழமாக இருந்தால் தளர்வாகத்தானே இருக்கும் என்று தோன்றும். ஆனால் கை திரும்புவது அக்குளில். தையலும் அதை ஒட்டியே இருந்தால், தூக்கும்போது கைத்துணி மட்டும் நகரும். தையல் கீழே இறங்கிவிட்டால் மேல்கையும் விலாவும் ஒரே துணிக்குள் மாட்டிக்கொள்ளும், வௌவால் இறக்கை மாதிரி. கை போகும் பக்கம் இடுப்புத் துணியும் போகும். சைஸ் கூடக்கூட ரெடிமேடில் கைக்குழியும் இறங்குவதால்தான் பெரிய குர்தா இன்னும் மோசமாக இழுக்கிறது. ஆகவே தையற்கடையில் "அண்ணே, அக்குள்ல இழுக்குது, கொஞ்சம் இறக்கி வெட்டிடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் சொன்னபடி வெட்டிக் கொடுத்துவிடுவார், வெட்டிய துணி திரும்பி வராது.

சரிசெய்ய, கைத்தையலின் அடியில் படகு வடிவத் துண்டு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மலாய்க்காரர்களின் பாரம்பரிய பாஜு கூரோங்கில் இந்த இடத்தில் ஒரு சதுரத் துண்டு இருக்கும், பெயர் கெக்கெக். வளைவே இல்லாமல் நேர்நேராக வெட்டிய உடையில் கை தாராளமாக அசைய அதுதான் வழிவிடுகிறது. நாம் செய்யப்போவது அதே யோசனைதான், ஏற்கெனவே தைத்த உடைக்கு ஏற்ற வடிவில்.

துணிக்கு மெல்லிய காட்டன் எடுங்கள்: வாயில் (voile) துணி, இல்லை ரவிக்கைக்கு வாங்கும் ரூபியா. கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பக்கம் ரவிக்கைத் துணிக் கடைகளுக்குக் குர்தாவைக் கொண்டுபோய் நிறம் பார்த்து எடுக்கலாம், அரை மீட்டரே மிச்சமாகும். வெட்டுமுன் ஒருமுறை நனைத்துக் காயப்போட்டுவிடுங்கள். மறந்தால் முதல் துவைப்பிலேயே துண்டு சுருங்கிச் சுற்றிலும் கொசுவம் விழும். குர்தா பாலியஸ்டராக இருந்தாலும் இந்த இடத்துக்குக் காட்டன்தான். 33 டிகிரி வெயிலில் முதலில் நனைவது அக்குள், நம் ஊர் ஈரக்காற்றில் அது சீக்கிரம் காயவும் காயாது. சாம்பல் நிறம் மட்டும் வேண்டாம், வியர்வையை அப்படியே காட்டிக்கொடுக்கும்.

குர்தாவை உள்பக்கம் திருப்பி, கைத்தையலும் பக்கத்தையலும் சந்திக்கும் இடத்திலிருந்து முன்னால் 7 செ.மீ., பின்னால் 7 செ.மீ. கைத்தையலைப் பிரியுங்கள். இழுத்துப் பிரிக்காதீர்கள், தையல் பிரிக்கும் கருவியால் மூன்று தையலுக்கு ஒன்றாக வெட்டி நூலை உருவுங்கள். விளிம்பு பிரியாமல் போட்டிருக்கும் ஓவர்லாக் நூலும் கூடவே வந்துவிடும். பக்கத்தையலும் கையின் உள்தையலும் இப்போது நுனி விட்டு நிற்கும். இரண்டையும் 2 செ.மீ.க்கு முன்னும் பின்னும் தைத்துப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி வேலையில் கீழே வரை பிரிந்து ஓடும்.

துண்டின் அளவில்தான் புதியவர்கள் தவறுவார்கள். பிரித்தது 14 செ.மீ. என்பதற்காகத் துண்டும் 14 செ.மீ. நீளம் வைத்தால், விளிம்பு வளைந்து போவதால் 15 செ.மீ.க்கு மேல் வந்துவிடும். நீளம் 13, நடுவில் அகலம் 5 என்று படகு வரையுங்கள், வளைந்த விளிம்பு ஏறக்குறைய 14 வரும். சுற்றிலும் பிடித்துணி (தையலுக்கு வெளியே விடும் ஓரம்) 1 செ.மீ. விட்டு, நீளவாட்டம் கிராஸாக, அதாவது இழைகளுக்கு மூலைவாட்டமாக, வருமாறு வெட்டுங்கள். கிராஸில் துணி சற்று இழுபடும், அதுதான் நமக்கு வேண்டும். அகலத்தை 5க்கு மேல் ஏற்றினால் கையைத் தொங்கவிடும்போது அக்குளில் துணி மூட்டையாகச் சேரும்.

உடல் பக்கத்தை முதலில் தையுங்கள். துண்டின் நடு, பக்கத்தையலோடு சேர வேண்டும். அங்கே ஒரு குண்டூசி, இரு நுனிகளில் ஒவ்வொன்று. தையல் பிடித்துணிக்குள் போகாமல் படகின் நுனியில் தொடங்கி மறுநுனியில் நிற்க வேண்டும். ஒரு தையல் தாண்டினாலும் அங்கே சுருக்கம் விழும், இஸ்திரி போட்டாலும் போகாது. நுனிக்கு 1 செ.மீ. முன்பே தையல் நீளத்தை 2.5 மி.மீ.யிலிருந்து 1.5க்குக் குறைத்து, கடைசி மூன்று தையலைக் கையால் சக்கரம் திருப்பித் தையுங்கள். பிறகு கைப்பக்கமும் இதேபோல். வாயிலுக்கு 11ஆம் எண் ஊசி போதும், தடித்த குர்தாவுக்கு 14.

ஓவர்லாக் போடுவதற்கு முன் அணிந்து, ஊக்குச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஏற்றம் நன்றாகக் குறைந்திருந்தால் பிடித்துணியை 6 மி.மீ.க்கு நறுக்கி, ஓவர்லாக் போட்டு, துண்டின் மேல் விழாமல் வெளிப்பக்கமாக மடக்கி, விளிம்பிலிருந்து 2 மி.மீ. தள்ளி மேல்தையல் போடுங்கள். தடித்த ஓவர்லாக் விளிம்பு ஈரத்தோடு தோலில் உரசினால்தான் சாயங்காலம் எரிகிறது.

தையல் மெஷின் வெளியே இருக்கும்போதே இன்னும் இரண்டு வேலை. கழுத்து லேபிளைக் கத்தரியால் வெட்டாதீர்கள், மீதி நிற்கும் முனை முன்னைவிடக் குத்தும். தையலைப் பிரித்து முழுதாக எடுங்கள்.

பேண்ட் எலாஸ்டிக் இடுப்பில் கோடு போட்டால் அதைத் தளர்த்துவதற்கு முன் அகலத்தைப் பாருங்கள். அதே இறுக்கம் 1 செ.மீ. பட்டையில் அறுக்கும், 3 செ.மீ. பட்டையில் பரவிவிடும். இடுப்பை உட்கார்ந்தபடி அளந்து, 5 செ.மீ. கழித்து வெட்டுங்கள். நின்று அளந்த எலாஸ்டிக் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலையைக் காட்டும். இரு முனைகளையும் முடிச்சுப் போடாமல் 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜிக்ஜாக் தையுங்கள். அந்த இணைப்பு நடுமுதுகில் வரக்கூடாது, நாற்காலியில் சாய்ந்தால் அழுத்தும். பக்கத்தையலுக்கு நேராகத் தள்ளிவிட்டு மூடுங்கள்.