வீட்டோடு உட்கார்ந்து ஊமைப்படம் பார்ப்பது எப்படி

ஊமைப்படம் பார்க்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, "உலகின் தலைசிறந்த படங்கள்" பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மேலிருந்து ஆரம்பிக்காதீர்கள் என்பதுதான். முதல் நாளே இரண்டரை மணி நேர ஜெர்மன் படத்தைப் போட்டால் பாதியிலேயே தூக்கம் வந்துவிடும், அப்புறம் அந்தப் பக்கமே போகமாட்டீர்கள். இருபது, இருபத்தைந்து நிமிட நகைச்சுவைப் படம் ஒன்றை எடுங்கள். என் சிபாரிசு பஸ்டர் கீட்டனின் 'ஒன் வீக்' (1920). புதுசாகக் கல்யாணமான ஜோடிக்கு ஒரு வீடே பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பரிசாக வருகிறது. அந்தப் பெண்ணைக் கட்ட நினைத்து ஏமாந்தவன் பெட்டிகளின் எண்களை மாற்றி எழுதிவிடுகிறான், மாப்பிள்ளையோ அந்த எண்படியே கட்டி முடிக்கிறார். இதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் வேண்டாம்.

நம் ரங்கூன் வீடுகளுக்கு ஊமைப்படம் இவ்வளவு பொருந்துவதும் அதனால்தான். அப்பத்தாவுக்குத் தமிழ்தான் வரும், பேரப்பிள்ளைகள் படிப்பதும் எழுதுவதும் பர்மியத்தில், நடுவில் இருக்கிற நாம் இரண்டுக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கிறோம். பேசும் படம் எதைப் போட்டாலும் யாராவது ஒருவர் "என்ன சொல்றான்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஊமைப்படத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரிக்கிறார்கள். அதற்கு ஈடான சந்தோஷம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

நடுநடுவே வசனத்தையும் கதையையும் எழுதிக் காட்டும் டைட்டில் கார்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் அதைச் சத்தமாகத் தமிழில் சொல்ல வேண்டும், மனதுக்குள் வாசித்துவிட்டு விடக்கூடாது. இன்னொருவர் பர்மியத்தில் சொல்லட்டும். வில்லனுக்கு ஒரு குரல், கதாநாயகிக்கு ஒரு குரல் என்று மாற்றிச் சொன்னால் பிள்ளைகளே "அடுத்தது நான்" என்று சண்டை போடுவார்கள். இது நாம் கண்டுபிடித்த வழக்கமும் இல்லை. ஜப்பானில் பென்ஷி என்ற கதைசொல்லிகள் திரைக்குப் பக்கத்தில் நின்று படம் முழுக்கப் பேசினார்கள், அவர்களுக்காகவே கூட்டம் வந்தது. கார்டு வரும்போதெல்லாம் படத்தை நிறுத்த வேண்டாம், நிதானமாக வாசிக்கும் நேரத்துக்கு அது திரையில் நிற்கும்.

சரி, எங்கே எடுப்பது? 1920களின் பெரும்பாலான அமெரிக்கப் படங்களுக்கு அந்த நாட்டில் காப்புரிமை முடிந்துவிட்டது, இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்திலும் யூடியூப்பிலும் இலவசமாகவே கிடைக்கின்றன. கரண்ட் இருக்கும்போதே டவுன்லோட் செய்துவிடுங்கள். ஒரே படத்துக்குப் பல பிரதிகள் இருக்கும், எல்லாம் ஒன்றல்ல. ஆட்கள் எறும்பு ஓடுவதுபோல் ஓடினால் அந்தப் பிரதியை விட்டுவிடுங்கள். அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றி, நொடிக்கு 16 முதல் 20 பிரேம் (தனித்தனிப் படம்) வரை எடுத்த படங்கள் ஏராளம், அதை 24 பிரேமில் ஓட்டினால் அப்படித்தான் தெரியும். வேறு பிரதி இல்லையென்றால் யூடியூப்பில் வேகத்தை 0.75க்குக் குறைத்துப் பாருங்கள்.

வேகத்தைக் குறைத்தால் இசை இழுக்கும். அப்போது சத்தத்தை நிறுத்திவிட்டு நாமே இசை போடலாம்: வீணை, வயலின், இளையராஜாவின் பின்னணி இசை, எதுவானாலும் பாட்டு வரிகள் மட்டும் வேண்டாம், காது வரிகளின் பின்னால் போய்விடும். இசையே இல்லாமல் பார்ப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அன்றைய தியேட்டர்களில் பியானோவாவது வாசித்தார்கள், பெரிய ஊர்களில் முழு வாத்தியக் குழுவே இருந்தது.

விளக்கை அணையுங்கள், கையில் வேலை எதுவும் வேண்டாம். வெங்காயம் நறுக்கிக்கொண்டே காதால் பின்தொடர இங்கே வசனம் கிடையாது.

நான்கைந்து நகைச்சுவைப் படம் முடிந்ததும் அப்பத்தாவுக்காக, இந்திய சினிமாவின் முன்னோடி பால்கேயின் 'காளிய மர்தன்' (1919) போடுங்கள். கிருஷ்ணனாக நடித்தது பால்கேயின் மகள் மந்தாகினி. அந்தக் கதையை அப்பத்தாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவர்தான் நமக்குச் சொல்வார். மகாபாரதச் சூதாட்டத்தை வைத்து பிரான்ஸ் ஆஸ்டன் இயக்கிய 'எ த்ரோ ஆஃப் டைஸ்' (1929) அதற்கடுத்து. நம் தமிழ்நாட்டின் முதல் கதைப்படமான நடராஜ முதலியாரின் 'கீசக வத'த்தைப் பார்க்க வழியே இல்லை, ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அந்தக் காலத்துப் படங்கள் இருந்த நைட்ரேட் பிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும், வெக்கையிலும் ஈரத்திலும் தானாகவே மக்கிப்போகும். பர்மாவின் முதல் கதைப்படம் 1920 அக்டோபர் 13 அன்று வெளியானது, ஆனால் இன்று மிஞ்சியிருப்பதில் மிகப் பழைய பர்மியப் படம் 1934இல் வந்த 'மியா கா நைங்'தான். 2016இல் அதைச் சீர்செய்து மீட்டார்கள். எங்காவது திரையிடுகிறார்கள் என்று காதில் விழுந்தால் வேலையைத் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள்.

அதற்குப் பிறகு சாப்ளினின் 'தி கிட்' (1921), அப்புறம் முர்னோவின் 'சன்ரைஸ்' (1927). இந்த இரண்டையும் பார்த்துப் பழகியபின் டிரையரின் 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்'குக்கு (1928) வாருங்கள். அதன் மூல நெகட்டிவ் தீயில் போய்விட்டது, ஒரு நல்ல பிரதி 1981இல் நார்வேயின் மனநல மருத்துவமனை ஒன்றில் கிடைத்தது. பிரான்ஸின் வீரப்பெண் ஜோனை விசாரித்துத் தண்டிக்கும் கதை, முழுக்க முழுக்க முகங்கள்தான், இவ்வளவு பக்கத்தில் ஒரு மனுஷியின் கண்ணை வேறெந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. இதைத் தனியாகப் பாருங்கள், பிள்ளைகளோடு வேண்டாம், கடைசியில் ஜோனை எரிக்கும் காட்சி நீளமாக வருகிறது.